காலி மேசையைப் படம் பிடித்தவர்

நான் சொல்லப்போவதை எவரும் நம்பப்போவதில்லை. இருந்தாலும் சத்தியம் செய்து சொல்கிறேன். அத்தான் ஞானசீலன் காலமானார் என்ற செய்தி இராஜாக்கமங்கலத்தில் என் தையல்கடைக்கு வந்தபோது தையல் மிஷின் தானாக நின்றது. கடல் அரை மைல் பின்வாங்கியது. ஊரில் என்னைப் புளுகன் என்பார்கள். அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரி அனுப்பிய மலர்வளையத்தைப் பார்த்தபின் தெரிந்தது, புளுகில் நான் கத்துக்குட்டி.

'அர்ப்பணிப்பின் சிகரம்' என்று எழுதியிருந்தார்கள். மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தானுக்கு மெமோ நீட்டியதும் அதே கைதான்!

என் அக்காள் கணவரான அத்தானின் வேலை பலருக்குத் தெரியாது. நோயாளியின் நரம்பில் துளி கதிர்வீச்சு மருந்து ஏற்றுவார்கள். அது உடம்பில் எங்கே சேர்கிறது என்று ஒரு பெரிய கேமரா படம் பிடிக்கும். அந்தக் கேமரா உண்மை பேசுகிறதா என்று சோதித்து, அளவு திருத்தி வைப்பவர் அத்தான். சூரியனே அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் உதிக்கும். தினமும் முதலில் காலி மேசையைப் படம் பிடிப்பார்.

"ஒண்ணுமில்லாத எடத்துல ஒண்ணுமில்லன்னு மிஷினுக்குச் சொல்லத் தெரியணும் மக்கா."

"அப்போ எனக்க தலையப் படம் புடிச்சா உம்ம வேல லேசா முடியும் அத்தான்."

"அதுல புளுகு நெறஞ்சு கெடக்குலே!"

ஒருநாள், தேங்காய்ப்பட்டணத்தில் மீன் விற்கும் மரியபுஷ்பம், புற்றுநோய் வைத்தியம் முடிந்து எலும்புப் படம் எடுக்க வந்தார். இடது முழங்காலருகே மங்கலாய் ஒரு வெளிச்சம். எலும்புக்குப் பரவிவிட்டது என்றால் மறுபடி முதலிலிருந்து மருந்து. அத்தான் அறிக்கையை நிறுத்தினார். அவரை இறக்கிவிட்டு, மேசையை மட்டும் படம் பிடித்தார். ஆள் இல்லை, வெளிச்சம் அங்கேயே இருந்தது!

கால் அசையாதிருக்க வைத்த மணல்பை மேசையில் கிடந்தது. அதை எடுத்ததும் வெளிச்சம் அணைந்தது. பைக்குள் மணவாளக்குறிச்சிக் கருமணல். இயல்பாகவே கதிர்வீச்சு உள்ள மணல். மூன்று நாளாக அந்தப் பை புழக்கத்தில் இருந்திருக்கிறது.

"பையத் தூரப் போட்டாச்சுல்லா வேய்? அடுத்த ஆள ஏத்தும். வெளிய ஆறு பேருக்கு மருந்து போட்டாச்சு, வீரியம் போயிரும்" என்றார் மேலாளர்.

"மிஷினச் சோதிக்காம ஒருத்தரயும் ஏத்தமாட்டேன். மூணு நாளா வந்தவங்களையும் திரும்பக் கூப்பிடணும்."

"ஆஸ்பத்திரி பேரு நாறிப்போவும்!"

"அந்த அம்மைக்க காலு?"

ஒவ்வொருவரையும் அத்தானே போனில் அழைத்தார். மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது: நோயாளிகளைக் காக்கவைத்த குற்றமாம்! உண்மை சொன்னவனுக்கு மெமோ, செத்த பிறகு வளையம். இந்த அநியாயத்தைக் கேட்டால் விவேகானந்தர் பாறையே எழுந்து கரைக்கு நடந்து வரும்.

அடக்கத்துக்கு மரியபுஷ்பம் வந்தார். வளையத்தைக் கையால் ஒதுக்கிவிட்டு, அத்தான் முகத்தைப் பார்த்து, "சாரே, நடந்துதான் வந்தேன்" என்றார். அவ்வளவுதான். மேலாளர் காரைத் தேடிப் போய்விட்டார்.

கடலையும் சூரியனையும் பாறையையும் தள்ளிவிடுங்கள். ஒரு சின்னப் பை மட்டும் சத்தியமான உண்மை. அதைத் தைத்தவன் நான். அத்தான் ஆற்றுமணல் கேட்டார். கருமணல் நல்ல கனம் என்று மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளி நிரப்பினேன். மெமோவில் 'பை தயாரித்தவர் யார்?' என்ற கேள்விக்கு நேரே அவர் ஒன்றும் எழுதவில்லை. காலி இடத்தில் பொய் பொறுக்காத மனிதர், எனக்காக ஓர் இடத்தைக் காலியாக விட்டார். அவர் வைத்திருந்த நகலை அக்காள் தன் துணிப்பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தாள்.

இப்போது அதில் எழுதுகிறேன்: தாசையன், தையல்காரன். போய்வாருங்கள், அத்தான்.