ஞாயிறு பதினோரு மணிக்கு எங்கள் லைன் எங்கேஜ்

போர்டு நடத்துவது ஒற்றைக் கதவுக் கடை நடத்துவது மாதிரி. உள்ளே ஒருத்தர் நின்றால் வெளியே இருக்கிற அத்தனை பேருக்கும் எங்கேஜ் சத்தம்தான்.

என்ன போர்டு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டு முன்ரூமில் பழைய டிவியோடு சேர்த்த ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே கட்டை. பக்கத்தில் மோடம் என்று ஒரு டப்பா, அதில் டெலிபோன் வயர். வெளியூர்க்காரர் தன் கம்ப்யூட்டரிலிருந்து எங்கள் நம்பருக்குப் போன் போட்டால் மோடம் எடுத்துக் கீச்சென்று கத்தும். அப்புறம் அவர் அடிக்கிற எழுத்து எங்கள் டிவியில் வரும். சேதி எழுதி வைத்துவிட்டுப் போவார், அடுத்து வருகிறவர் படிப்பார். இன்டர்நெட்டுக்கு முந்தின சங்கதி. இதற்காகவே வீட்டு டெலிபோனை வெட்டாமல் வைத்திருந்தவர்கள் எங்கள் போர்டில் பதினோரு பேர். எல்லாருக்கும் இது ஆசைக்கு. எனக்கு மட்டும் வேறு காரணம். வீட்டுக்காரரை வெளியூருக்கு அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு நான் பட்ட பாடு புரியும் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்றே வேலை

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்காரர் டிவி ரிப்பேர் பார்த்தார். இப்போது டிவியை யார் ரிப்பேர் பார்க்கிறார்கள், கெட்டால் புதிதாக வாங்கிவிடுகிறார்கள். அதனால் குஜராத் பக்கம் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் வேலைக்குப் போனார். பாப்பாவுக்கு அப்போது எட்டு மாதம். கிளம்புகிறதுக்கு முந்தின வாரம் முழுக்க இந்தப் போர்டைத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் எட்டாவதோடு நின்றவள். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், இங்கிலீஷ் தெரியாது. நல்லவேளை, அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தே வராது, எல்லாரும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்கிறார்கள். அந்த வகையில் நானும் அவர்களும் ஒரே கிளாஸ்.

பஸ் ஸ்டாண்டில் பெட்டியைத் தூக்கி மேலே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். என்னமோ சொல்லப்போகிறார் என்று நின்றேன். எங்களுக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம்; "சாப்ட்டீங்களா", "சாப்ட்டேன்" தாண்டி நாங்கள் பேசினது கொஞ்சம். அவரும் என்னை மாதிரிதான், வாய் திறக்க மாட்டார். பஸ் கிளம்புகிற நேரத்தில் அவர் சொன்னது இது: "வேலை மூணே மூணுதான் புள்ள. தூசி தட்டு. வாரவங்க என்ன அடிச்சாலும், என்ன அழிச்சாலும் நம்ம டிவியில தெரியும், கவனமாப் பாரு. லைன்ல ஆள் இருக்கையில போனை மட்டும் யாரையும் தூக்க விடாத."

சீறுகிற போன்

ஒட்டன்சத்திரம் பக்கம் என் மாமனாரின் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறார். மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது என்று சொல்ல எங்கள் வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார். மோடம் எடுத்துவிட்டது. கீ என்று ஒரு சத்தம், அப்புறம் கர்ர் என்று ஒரு சத்தம். மனுஷர் விடாமல் "அலோ, அலோ" என்று சத்தம் போட்டிருக்கிறார், அதுவும் விடாமல் கத்தியிருக்கிறது. பாப்பா வேறு அந்தச் சத்தத்தைக் கேட்டால் பதிலுக்குக் கீ என்று கத்துவாள். அவள் பேசக் கற்றுக்கொண்ட முதல் பாஷை அதுதான்.

மறுநாள் வெற்றிலை பாக்கோடு நேரிலேயே வந்துவிட்டார். அத்தை, அதாவது என் மாமியார், கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு போனையே முறைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏனம்மிணி, நல்ல சேதி சொல்லலாம்னு கூப்புட்டா உங்க ஊட்டுப் போனு எம்மேல சீறுதுங்க?"

மழை பெய்ததா

வீட்டுக்காரர் தினமும் செல்லில் கூப்பிடுவார். செல் அத்தை கையில் இருக்கும், ஸ்பீக்கரில் இருக்கும். பாப்பா திரையை நக்குவாள். மாமனார் மோட்டார் ரிப்பேரைப் பற்றிக் கேட்பார். கடைசியில் செல் என்னிடம் வரும்போது நாலு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் "சாப்ட்டீங்களா" என்பேன்.

அதனால்தான் ஞாயிறு பதினோரு மணி. அன்றைக்கு அவர் மில் ஆபீசுக்கு லீவு. அங்கே இருக்கிற டெலிபோன் வயரைத் தன் பழைய லேப்டாப்பில் செருகிப் போர்டுக்கு வருவார். நான் ஒரு பட்டனை அமுக்கினால் நாங்கள் ரெண்டு பேரும் நேருக்கு நேர் அடித்துப் பேசலாம். செல்லில் சேதி முழுசாகத்தான் வந்து விழும். போர்டில் அப்படி இல்லை, ஒவ்வொரு எழுத்தாக வரும். அவர் யோசித்தால் எழுத்து நிற்கும். அழித்தால் பின்பக்கமாகவே நடந்துபோகிற மாதிரி ஒவ்வொன்றாக மறையும். முதல் ஞாயிறு "உன்னைய" என்று வந்தது. நின்றது. "உன்னையவே நெனச்சு" என்று வந்தது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக அத்தனையும் போனது. அழித்ததை நான் பார்த்தேன் என்று அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

என் பங்குக்கு நானும் "வந்துருங்க மாமா" என்று அடித்தேன். நேரில் ஒருநாளும் அவரை மாமா என்று கூப்பிட்டதில்லை. வெட்கம் வந்து உடனே அழித்துவிட்டேன். நம் டிவியில்தான் எல்லாம் தெரியும் என்று அவர் சொல்லியிருந்தார், அந்தப் பக்கம் தெரியாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அப்புறம் ஒவ்வொரு வாரமும் அதை அடிப்பேன், அழிப்பேன். கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி அது ஒரு பழக்கம் ஆகிவிட்டது. அந்த முதல் வாரம் அவர் கடைசியாக அழிக்காமல் விட்டது: "ஒண்ணுமில்ல புள்ள, அங்கிட்டு மழை பேஞ்சுச்சானு கேக்க வந்தேன்."

சார்

நத்தத்தில் ஒரு புளி வியாபாரி இருக்கிறார். போர்டில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. புளியம்பூ கொட்டினதிலிருந்து மாமரத்தில் எறும்பு ஏறினதுவரை எழுதுவார். போர்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு சிஸாப் என்று பேர். நத்தத்துக்காரர் என்னை "சிஸாப் சார்" என்பார், சந்தோஷம் வந்தால் "ஏலே மாப்ளே" என்பார். நான் திருத்தவில்லை. ஆம்பளைப் பேரில் இருப்பது முந்தானையைப் போர்த்திக்கொண்டு நிற்கிற மாதிரி சௌகரியமாக இருந்தது.

ஒரு ஞாயிறு பத்தே முக்காலுக்கு அவர் உள்ளே வந்துவிட்டார். மாமரத்து எறும்புக் கதை. பதினொன்று ஆயிற்று, பதினொன்றேகால் ஆயிற்று. அங்கே எங்கள் வீட்டுக்காரர் எங்கேஜ் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு பட்டனை அமுக்கினால் நத்தத்துக்காரர் வெளியே போய்விடுவார். ஆனால் வீட்டுக்கு வந்தவரை எப்படி வெளியே தள்ளுவது? பதினொன்றரைக்கு அடித்தேன்: "சார், செத்த நேரம் லைன் வேணும். எங்க வீட்டுக்காரர் வெளியூர்ல இருந்து வருவாரு." எறும்பு பாதி மரத்தில் நின்றது. பிறகு வந்தது: "அட, இத முன்னாடியே சொல்லிருக்கக் கூடாதா தாயி, ஒரு வருசமா ஒரு பொம்பளப்புள்ளயவா நான் ஏலே மாப்ளேனு பேசிக்கிட்டு இருந்தேன்?"

வயர் அறுந்தது

சிறுமலையில் வாழையும் மிளகும் வைத்திருக்கிற ஒருத்தர் வருவார். அதிகம் எழுத மாட்டார். "மேகம் எறங்கிருச்சு" என்று ஒரு வரி, அவ்வளவுதான். மலையில் மழை பெய்தால் அவர் எழுத்துக்கு நடுவே புள்ளியும் கோடுமாகக் குப்பை விழும். ஒரு தடவை குப்பையோடு குப்பையாக லைன் போய் ஒன்பது நாள் ஆளைக் காணோம். யாரிடம் விசாரிப்பது? அவர் நிஜப் பேரே எங்களுக்குத் தெரியாது. மீதிப் பத்து பேரும் போர்டில் ஆளுக்கு ஒரு வரி எழுதி வைத்துக் காத்திருந்தோம். பத்தாம் நாள் வந்து அத்தனையும் படித்துவிட்டு எழுதினார்: "வயருதான் அந்துச்சு தாயி, நான் முழுசாத்தான் இருக்கேன்."

அத்தை தூக்கிய ரிசீவர்

கார்த்திகை மாதம். போன வாரம் வந்தபோது எங்கள் வீட்டுக்காரர், "மானேஜர்ட்ட கேக்கப்போறேன், அடுத்த ஞாயிறு சொல்றேன்" என்று மட்டும் எழுதியிருந்தார். என்ன கேட்கப்போகிறார் என்று எழுதவில்லை. பொங்கலுக்கு லீவா, இல்லை கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிடுவதா? அந்த ஏழு நாளும் நான் வைத்த குழம்பில் உப்பு சரியாக இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

ஞாயிறு பதினொன்றுக்கு வந்துவிட்டார். "கேட்டுட்டேன்" என்று வந்தது. "தை மாசம் நான்" என்று வந்தது. அடுத்த எழுத்துக்குப் பதில் டிவி முழுக்கக் குப்பை கொட்டியது, லைன் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் அத்தை. உள்ரூமில் இன்னொரு போன் இருக்கிறது, அதே வயர். ரிசீவரைக் காதில் வைத்தபடி அந்த ரூம் வாசலில் நிற்கிறார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் ரெண்டும் அடங்கிவிட்டது. மில் ஆபீஸ் வாட்ச்மேன் அன்றைக்குச் சீக்கிரம் பூட்டிவிட்டாராம். எங்கள் வீட்டுக்காரர் திரும்ப வரவே இல்லை. சாயந்திரம் செல்லில் கேட்கலாமே என்பீர்கள். நாலு பேர் முகத்துக்கு முன்னால் நான் கேட்டது "சாப்ட்டீங்களா". காலையில் ரிசீவரை வைக்கும்போது அத்தை சொன்னது: "எம்மகன் வந்துருக்கான்னு வாரா வாரம் டிவி முன்னாடி ஒக்காந்துக்கிறியே, எனக்கும் அவன் குரலத் தனியா செத்த நேரம் கேக்கணும்போல இருந்துச்சு, அதான் தூக்குனேன்."

முதல் வீடு

அந்தப் புதன்கிழமையே டெலிபோன் வயர்க்காரர் வாசலில் வந்து நின்றார். எங்கள் தெருவில் பழைய செம்பு வயரை எடுத்துவிட்டுக் கண்ணாடி வயர் போடுகிறார்களாம், எங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை. மோடத்தைக் காட்டினேன். அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். புது வயரில் பேச்சு நன்றாகக் கேட்கும், இந்தக் கீச்சுச் சத்தம் மட்டும் ஒழுங்காகப் போகாது என்றார்.

காய்கறிக்காரரிடம்கூடக் கொசுறு கேட்காதவள் நான். அன்றைக்கு வாசல்படி தாண்டி அவர் வண்டி வரைக்கும் பின்னாலேயே போனேன். "ஞாயித்துக்கிழமை முடிஞ்சு எடுங்கண்ணே. ஒருத்தரு ஒரு பாதி வார்த்த சொல்லிட்டுப் போயிருக்காரு" என்றேன். அவர் என்னையும் இடுப்பில் இருந்த பாப்பாவையும் பார்த்தார். நோட்டில் ஒரு பேரை அடித்து வேறு இடத்தில் எழுதிக்கொண்டு சொன்னார்: "சரிம்மா, திங்கக்கெழம காலையில மொத வீடு உங்க வீடுதான், அதுக்கு மேல என்னால தள்ள முடியாது."

அழிக்காதது

விஷயத்தைப் போர்டில் எழுதி வைத்தேன். சனிக்கிழமைக்குள் பதினோரு பேரும் வந்து ஆளுக்கு ரெண்டு வரி எழுதி விடைபெற்றார்கள். நத்தத்துக்காரர் முதல் ஆளாக வந்து, ஞாயிறு முழுக்க யாரும் இந்த நம்பரைத் தொடக்கூடாது, தொட்டால் தெரியும் சேதி என்று ஒரு அறிவிப்பும் போட்டுவிட்டுப் போனார். ஞாயிறு காலையில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அத்தை தானாகவே உள்ரூம் போனுக்குப் பக்கத்தில் காவல் உட்கார்ந்துகொண்டார்.

பதினோரு மணிக்கு மோடம் கத்தியது. வயர் போகப்போவதைச் சொன்னேன். "ம்" என்று வந்தது. வழக்கம்போல "வந்துருங்க மாமா" என்று அடித்தேன். வழக்கம்போல அழிக்கப் போனேன். ரெண்டு எழுத்து அழிந்திருக்கும், அவர் பக்கத்திலிருந்து வந்தது: "இந்த ஒரு தடவையாச்சும் அழிக்காத புள்ள." எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. "உங்களுக்குத் தெரியுமா" என்று கேட்டேன். "வாரா வாரம் பாக்குறேன். அதப் பாத்துட்டுத்தான் அந்த வாரம் வேலைக்கே போறேன்" என்றார். "அப்ப நீங்க அழிச்சது?" என்றேன். "நீ பாப்பேனு தெரிஞ்சுதான் எழுதுனேன். பஸ் ஸ்டாண்டுல சொல்லிட்டுத்தானே வந்தேன்" என்றார். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன், அங்கே பார்க்க யாரும் இல்லை என்றாலும்.

அப்புறம் பாதியில் நின்ற சேதியைக் கேட்டேன். தை மாதம் விட மாட்டார்களாம், ஆள் இல்லையாம். எனக்கு முன்னால் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது: "சித்திரையில வந்துட்டுப் போறேன்." பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கடைசியிலிருந்து எழுத்துகள் மறைய ஆரம்பித்தன. "போறேன்" போனது. "வந்துட்டு" போனது. "சித்திரையில" மட்டும் தனியாக நின்றது. உள்ரூமில் பாப்பா கீ என்று கத்துகிறாள், அத்தை அவள் வாயைப் பொத்துகிறார். பிறகு வந்தது, அழியாமல் அப்படியே நின்றது: "சித்திரையில வந்துர்றேன்."

திங்கட்கிழமை வயர் போய்விட்டது, சித்திரைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. வாய் வராத ரெண்டு பேருக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறவர்கள் சீரோடு சேர்த்து, அழித்ததும் தெரிகிற மாதிரி ஒரு போனையும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.