கழுத்து தாங்காத விளக்கு

மலைமேல் செம்மேட்டில் உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது கோகிலாவின் ஸ்டுடியோ. அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; அவள் திருப்புலி நாட்டுக்காரி. நாமக்கல்லில் வருடக்கணக்கில் அடுத்தவர் எடுத்த படங்களில் பரு நீக்கிச் சலித்து, சொந்தமாகக் கேமரா பிடிக்கவேண்டும் என்று மலையேறி வந்தாள். வந்தவளுக்குக் கிடைத்த அறையின் சுவர்கள் கிளிப்பச்சை. "வாஸ்து பாத்து அடிச்ச கலருங்க" என்று கட்டடக்காரர் வேறு வண்ணம் பூச விடவில்லை. வெளிச்சத்தைப் பரப்பும் குடையை மாட்டி விளக்கை அடித்தால் வெளிச்சம் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பியது. கல்யாணப் பெண்களின் முகம் பாசி பிடித்தாற்போல் விழுந்தது.

அதற்காகத்தான் சாஃப்ட்பாக்ஸ் வாங்கினாள். கறுப்புத் துணிக்கூடு, முன்பக்கம் மட்டும் வெள்ளைத் திரை. வெளிச்சம் சுவருக்குச் சிதறாமல் ஆள்மேல் மெத்தென்று விழும். கம்பிகளை வளைத்துச் சொருகுவதற்குள் இரண்டு நகம் போயிற்று. கடைசியில் பார்த்தால், அதன் பின்வளையம் விளக்கில் உட்காரவே இல்லை.

விளக்குகள் இரண்டும் பழையவை. சேந்தமங்கலத்தில் ஸ்டுடியோவை மூடிய ஷாஹுல் விற்றவை. இப்போதைய விளக்கென்றால் வளையத்தைத் திருகியதும் கவ்விக்கொள்ளும். இதில் மொழுமொழுவென்று ஒரு தகர விளிம்பும் குடைக் காம்புக்கு ஒரு துளையும்தான். போன் போட்டாள்.

"ஏனுங்க ஷாஹுல் அண்ணா, இதுல சாஃப்ட்பாக்ஸ் எப்படீங்க மாட்டுனீங்க?"

"நான் எங்கீங்க மாட்டுனேன்? குடை தானுங்க. ஸ்குரு வெச்ச ரிங்கு விக்குது, வாங்கிப் போடுங்க. எல்லாத்துக்கும் சேரும்."

சேரத்தான் சேர்ந்தது. விளிம்பைச் சுற்றித் திருகிவிட்டாள். ஆனால் கனம் தாங்காமல் விளக்கின் தலை தொங்கியது. பக்கத்துத் திருகை முறுக்கினால் மரை தேய்ந்து சும்மா சுற்றியது. கயிறு போட்டு இழுத்துக் கட்டினாள்.

"பேசாம செவுத்துல வெள்ளத் துணி கட்டீரு" என்றான் கணவன் முரளி.

"கட்டிப் பாத்தாச்சுங்க. காத்துக்குப் படபடன்னு அடிக்குது. நீங்க சும்மா இருங்க."

மறுவாரம் வளப்பூர் நாட்டிலிருந்து மாதேஸ்வரனும் தேன்மொழியும் இரட்டைக் குழந்தைகளோடு பஸ்ஸில் வந்தார்கள். விரிப்பைத் தட்டிப்போட்டு, "கொண்டாங்க" என்று கோகிலா கை நீட்டினாள். பின்னால் கறகறவென்று ஒரு சத்தம். வளையம் தகர விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்தது. கூடு முழுசாகக் குப்புற விரிப்பின்மேல் விழுந்தது. குழந்தை இன்னும் தேன்மொழியின் கையில் இருந்தது. கைக்கும் விரிப்புக்கும் ஒரு முழம்தான் தூரம்.

"வேண்டாங்க, நாங்க வாரோம்" என்று தேன்மொழி பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

கோகிலாவுக்கு ஷாஹுல்மேல் கோபம், கட்டடக்காரர்மேல் கோபம். எல்லாவற்றையும்விட, தொங்குகிற தலையைக் கயிற்றால் கட்டிவிட்டு வேலை முடிந்ததாக நினைத்த தன்மேல்தான் அதிகம். விளக்கை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதன் கழுத்தில் எதையும் ஏற்றக் கூடாது. விளக்கையும் கூட்டையும் தனித்தனியாக, கீழே நிற்கும் ஸ்டாண்டே சுமக்கவேண்டும்.

படம் வரைந்து எடுத்துக்கொண்டு, இரும்புக் கேட் செய்கிற சதீஷ்குமாரின் பட்டறைக்குப் போனாள். கீழே ஸ்டாண்டில் உட்காரும் ஒரு கை. அதில் விளக்கின் உடம்பைக் கவ்வ ஒரு பிடி, முன்னால் கூட்டைத் தாங்க ஒரு வளையம். அவன் கேட்டுக்குப் போடும் கம்பியிலேயே செய்து கொடுத்தான்.

"ஆயுசுக்கும் ஒடையாதுங்க."

"இந்தக் கனத்துக்கு ஸ்டாண்டு இப்பவே ஒடையுது! தூக்கிப் பாருங்க."

இரண்டாம் தடவை அலுமினியப் பட்டையில் செய்தான். வளையம் கோணல். மூன்றாவதுதான் சரியாக உட்கார்ந்தது. ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டையைக் கட்டிவிட்டு, கோகிலா விரிப்பில் தானே மல்லாந்து படுத்தாள்.

"ஆட்டுங்க."

"ஏம்புள்ள, உனக்குக் கிறுக்கா?" என்றான் முரளி.

"ஆட்டுங்கன்னா ஆட்டுங்க."

ஆட்டினான். கூடு அசைந்து அசைந்து நின்றது; விழவில்லை. எழுந்ததும் தேன்மொழிக்குப் போன் செய்தாள். நானே அடியில் படுத்துப் பார்த்துவிட்டேன் என்றாள். தேன்மொழி புருஷனிடம் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பப் பேசினாள்.

"சரிங்க, சந்தையன்னிக்கு வாரோம்."

வந்தார்கள். படத்தில் ஒரு குழந்தை கொட்டாவி விட்டது, மற்றது அதன் காதைப் பிடித்துக்கொண்டிருந்தது. கன்னங்களில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. தேன்மொழி கேமராவின் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மாதேஸ்வரன் பஸ்ஸுக்கு அவசரப்படுத்தியும் நகரவில்லை.

அவர்கள் போனதும், அந்தத் தெம்பில் கோகிலா இரண்டாவது விளக்கை எடுத்துப் பிடிக்குள் நுழைத்தாள். நுழையவில்லை. அதே கம்பெனி, அதே பெயர். உடம்பு மட்டும் ஒரு விரல்கடை தடிமன். ஷாஹுலைக் கூப்பிட்டாள்.

"அது வேற வருசத்துதுங்க" என்றார் அவர், நிதானமாக.

போனை வைத்துவிட்டு, விளக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோகிலா முணுமுணுத்தபடி பட்டறைக்குப் படியிறங்கினாள்.