ஊருக்குப் போற பொட்டி

தேயிலைப் பெட்டிக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்தால் முதலில் தூளின் காரம் மூக்கில் ஏறும். கொஞ்சம் பொறுத்தால் அதற்கு அடியிலிருந்து, எங்கள் தோட்டத்து மரம் எதற்கும் இல்லாத, பச்சை மாவு போன்ற ஒரு மெல்லிய மணம் வரும். அதுதான் பின்லாந்தின் மணம் என்று நமுனுகுல மலையடியில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். பின்லாந்து என்பது ஒரு நாடு என்றுதான் பலருக்குத் தெரியாது.

தேயிலையை வெளிநாட்டுக்கு அனுப்பப் பெட்டி வேண்டும்; அந்தப் பெட்டிக்கு வேண்டிய ஒட்டுப்பலகையோ வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. கப்பலில் கொழும்புக்கும், ரயிலில் பதுளைக்கும், அங்கிருந்து லொறியில் எங்கள் ‘ஸ்டோரு’க்கும், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கும், கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அப்பா அங்கே பெட்டி அடிக்கிற வேலை பார்த்தார். பலகைகளை ஓரத்தில் தகரப் பட்டி வைத்து இணைத்து, உள்ளே ஈயத்தாள் விரித்து அவர் அடித்துக் கொடுத்தால், அது தேயிலையைச் சுமந்துகொண்டு வந்த வழியே கப்பலுக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் ஏற்றுமதி ஒரு பாடம், இறக்குமதி வேறு பாடம். எங்கள் வீட்டில் அது ஒரே மனிதரின் ஒரு நாள் வேலை.

வழியில் மூலை உடைந்த, வெடித்த பலகைகளை மட்டும் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா தொழிலாளர்களை எடுத்துக்கொள்ள விடுவார். லயத்தில் எங்களுக்கு வாய்த்த தளபாடம் எல்லாம் அதுதான்: அரிசிப் பொட்டி, துணிப் பொட்டி, சாமிப் பொட்டி. பலகையின் உட்புறத்தில் அது வந்த நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். எங்கள் பெண்களுக்கு அந்தந்த நாட்டைப் பற்றி உறுதியான அபிப்பிராயம் இருந்தது. ரஷ்யாப் பலகை கனம், ஆணி இறங்காது. இந்தியாப் பலகை மெல்லிசு, மழைக்காலத்தில் ஊதிக்கொள்ளும். பின்லாந்துதான் பூச்சி அரிக்காதது. பிள்ளை பெற்ற கையோடு கொழுந்து பறிக்கப் போன ஒருத்தியை, “அவளுக்கென்ன, பின்லாந்து ஒடம்பு” என்று அம்மா சொன்னது நினைவிருக்கிறது.

அம்மாவிடம் ஒரு நல்ல பின்லாந்துப் பெட்டி இருந்தது. அதற்குப் பெயர் ‘ஊருக்குப் போற பொட்டி’. இலங்கையும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரியம்மா குடும்பம் முன்னாலேயே போய்விட்டது. எங்களுக்கும் பாஸ்போட்டு வந்து, அம்மா பித்தளைப் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கி, அப்பா ஸ்டோரில் பெட்டிக்குப் பேர் அடிக்கிற கறுப்பு மையால் வெளிப்புறத்தில் பெரியப்பாவின் பேரோடு பெரியம்மா வீட்டு விலாசத்தைத் தமிழில் எழுதி முடித்த சமயத்தில் வடக்கே சண்டை வந்து கப்பல் நின்றுபோனது. கப்பல் நின்றது, அம்மா நிற்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் பாத்திரங்களை வெளியே எடுத்துப் புளி போட்டு விளக்கி மறுபடி அடுக்குவாள். பக்கத்து வீட்டில் யாராவது கேலி செய்தால், “சிரிங்க, சிரிங்க. கப்பல் விட்டதும் மொத ஆளா நான்தான் ஏறப்போறேன்” என்பாள்.

இப்படியிருக்கையில் அண்ணனுக்குப் பூனாகலையில் பெண் பார்த்தார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே அறை, ‘காம்பரா’. அதில்தான் சமையல், அதில்தான் படுக்கை. கல்யாணம் என்றால் குறுக்கே ஒரு மறைப்பு வைத்துப் பாதியைப் புது ஜோடிக்கு விட வேண்டும். பெரும்பாலும் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு ஒப்பேற்றுவார்கள். பெண்ணின் அப்பா அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கோபமில்லாமல், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “மூத்தவள சாக்கு மறைப்புக்குத்தான் குடுத்தேங்க. ஒரு வருசமா புள்ள சரியாத் தூங்கல. இவளுக்கு ஒரு செவுரு வேணும். வேற எதுவும் நான் கேக்கலங்க.”

அப்பாவுக்கு இது பெரிய காரியமாகப் படவில்லை. பலகைக்கா பஞ்சம் என்று அரிசிப் பொட்டி, துணிப் பொட்டி இரண்டையும் பிரித்துச் சட்டத்தில் அடிக்க ஆரம்பித்தார். மிச்சத்துக்கு ஸ்டோரிலிருந்து உடைந்த பலகை வரும் என்ற நம்பிக்கை. அந்த மாதம்தான் ஸ்டோருக்குக் காகிதச் சாக்கு வந்தது. தேயிலை வாங்குகிற நாடுகள் மரப்பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டனவாம். எங்கோ யாரோ எடுத்த முடிவில் பலகைக் கட்டு வருவது நின்றது, அப்பாவின் சுத்தியல் மூலைக்குப் போனது, எங்கள் வீட்டு மறைப்பு தலைமாட்டுப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு பாதியில் நின்றது.

பெண்ணின் அப்பா வந்து பார்த்தார். படுக்கப்போகிற பக்கம் போய்க் குந்தியவர், ஓட்டை வழியாக அடுப்பூதிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் அவரைப் பார்த்தாள்.

“மத்ததெல்லாம் சரிங்க,” என்றார். “இத மட்டும் அடைச்சிட்டுச் சொல்லி அனுப்புங்க. நாள் குறிப்போம்.”

அண்ணன் அன்று சாப்பிடவில்லை. வீட்டில் இரண்டு பெட்டிகள்தான் மிஞ்சியிருந்தன. சாமிப் பொட்டியைத் தொட அப்பாவுக்குச் சாமியிடம் பயம். மற்றதைத் தொட அம்மாவிடம் பயம். எல்லோரும் அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா பித்தளைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். பெட்டி காலியானதும் அதை அப்பாவின் முன்னால் தள்ளினாள்.

“ஆணியப் புடுங்குங்க.”

“கப்பல் விட்டான்னா?” என்று கேட்டார் அப்பா.

“விடட்டும். கையில தூக்கிட்டுப் போற அளவுக்குத்தான இருக்கு நம்ம சொத்து.”

அப்பா பலகையைப் பிரித்தார். ஒரு பலகையில் மட்டும் உட்புறம் பின்லாந்து, வெளிப்புறம் விலாசம். எந்தப் பக்கம் நம்மைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். “வெலாசம் அந்தப் பக்கம் இருக்கட்டும். எனக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டு அம்மா வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போனாள். அவள் அழுதிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்குக் கல்யாணப் பலகாரத்தின் மேல்தான் நினைப்பு.

கல்யாணம் நடந்தது, அண்ணி வந்தாள். அம்மா அதன் பிறகு கடைசிவரை பின்லாந்தைப் பார்த்தபடிதான் சமைத்தாள். ஆங்கிலம் தெரியாததால் அவளுக்கு அது வெறும் கறுப்புக் கோடுகள். பிறகு கப்பல் விடப்போவதாக எத்தனையோ தடவை பேச்சு வந்தது. அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்று அந்த லயம் இல்லை. மலை சரியும் என்று எல்லோரையும் வெளியேற்றி, கொஞ்சம் கீழே தனித்தனி வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் வீட்டில் இப்போது அறைக்கு அறை கல் சுவர். மறைப்புப் பலகைகள் கோழிக்கூடாகி, விறகாகி முடிந்தன. நான் பதுளையில் குடியிருக்கிறேன். போன வருடம் வாங்கிய அலுமாரியின் முதுகில் வேறொரு நாட்டின் பெயர் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன், பசை நாற்றம்தான். பெரியம்மாவின் கடிதங்கள் நின்று வெகுகாலமாகிறது. இந்தியாவில் எங்களுக்கு யாரும் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகன் கூட்டாளிகளோடு திருச்சிக்கு விமானத்தில் போகிறானாம். “அத்த, அங்க நமக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்டான். நான் விழித்தேன். அண்ணனும் தலையைச் சொறிந்தான். பெரியம்மா ஊர் ஏதோ பட்டி என்பதற்கு மேல் அவனுக்கு ஓடவில்லை.

அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்த அண்ணி, இந்தப் பக்கம் திரும்பாமலே, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்: “பழனியாண்டி, மேலத்தெரு, மாரிப்பட்டி, திருச்சி ஜில்லா, தென்னிந்தியா.”

நாங்கள் அவளையே பார்த்தோம்.

“படுத்தா தலமாட்டுல அதுதான இருந்துச்சு,” என்றாள். “எத்தன வருசம்.”

பையன் அதைக் கைப்பேசியில் தட்டிக்கொண்டான். எனக்கு அம்மாவின் நினைப்பு வந்துவிட்டது. எழுந்து வெளியே போய் நின்றேன்.