கல்யாணப் பந்தலுக்குப் போன முன்பாய்

மணலில் விரலால் எழுதியதோடு என் பள்ளிப்படிப்பு முடிந்தது. நாலு பேர் நடுவில் பேசவே கூசுகிறவன் எழுத உட்கார்ந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தோணியின் முன்பக்கம் கட்ட இரண்டு முக்கோணப் பாய்கள் இருந்தன. பெருங்காற்றுக்குத் தடித்த துணியில் ஒரு சின்னப் பாய். காற்று மெலிந்த நாளுக்கு, நானும் அண்ணனும் மெல்லிய வெள்ளைத் துணியில் தைத்த பெரிய பாய். எங்கள் கரையில் கோட்டை கட்டியிருந்த ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்களின் கப்பல் நங்கூரம் போட்டால், முதலில் போய்ச் சேரும் தோணிக்குத்தான் சரக்கு இறக்கும் வேலை கிடைக்கும். அந்தப் பெரிய பாயை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை ஏறியது.

கோட்டையில் துரை மகளுக்குக் கல்யாணம் வந்தது. பந்தலுக்கு வெள்ளைத் துணி வேண்டுமென்று குப்பத்து நாட்டாமை தோணி தோணியாக வந்து பெரிய முன்பாய்களை அவிழ்த்தார்.

"கப்பல் வர்ற நேரம் மாமா," என்றார் அண்ணன்.

"ரெண்டு நாள்தான்டா. துரை வீட்டுப் பொண்ணு வெயில்ல நிக்கலாமா?"

"உங்க தோணிப் பாய் இன்னா ஆச்சு?"

"அது அழுக்குப்பா. துரை மூஞ்சி சுளிப்பாரு."

"அப்ப எங்க பாயத் தொவச்சு வச்சதுதான் தப்பு."

நின்றவர்கள் சிரித்தார்கள். நாட்டாமையும் சிரித்துக்கொண்டே எங்கள் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். அவருடையது போன மாதம் தைத்த புதுப்பாய் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் கப்பல் வந்தது. காற்று மெலிந்திருந்தது. நாட்டாமையின் தோணி முதலில் போய்ச் சேர்ந்தது. நாங்கள் துடுப்புப் போட்டுப் பாதி வழி போய்த் திரும்பினோம்.