மச்சானின் இரண்டு கதவுக் கார்

ஈப்போ ஷோரூமில் என் அக்காவின் கணவர் அந்தச் சிவப்புக் காரைத் தடவிக்கொண்டே, “ஸ்போர்ட்டியாவும் இருக்கு, குடும்பத்துக்கும் ஆகும் லா” என்றார். குடும்பம் என்றால் அக்காவும் மூன்று பிள்ளைகளும். பின்சீட்டிலோ ஒரு முட்டைக்கோஸ் மூட்டைகூட உட்காராது. நான் அதைச் சொன்னதும், “தகரடப்பா ஜீப்பு ஓட்டுற ஆளுக்கு இதெல்லாம் புரியாது” என்று சிரித்தார்.

எங்கள் எஸ்டேட்டில் புதுக் காருக்கு முனியாண்டி கோயிலில் பூசை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிய பிறகுதான் ஓட்டுவார்கள். தேயிலைக்கு நடுவே கோயிலுக்கு ஏறும் கல்ரோட்டில் மச்சான் வாங்கிவந்த சீமைக் கார் அடிவயிறு கல்லில் தட்டி நின்றுவிட்டது. என் தகரடப்பாதான் கயிறு கட்டிக் கோயில்வரை இழுத்துவந்தது.

பூசாரி இரண்டு வண்டிகளையும் பார்த்தார். பிறகு பழங்களை என் ஜீப்பின் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார்.