பரிமளாவின் ஏழு கட்டிகள்

காக்ஸ் டவுன் கிளினிக்கிலிருந்து வெளியே வந்ததும் பரிமளா செய்த முதல் காரியம், வண்டியை எடுக்கப் போன கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்ததுதான்.

"நல்லா கேட்டீங்களா? கட்டிய மட்டும் எடுக்கலாம்னாங்க. கர்ப்பப்பை அப்படியே இருக்கும்னாங்க. எனக்குத்தான் அப்படிக் காதுல விழுந்துச்சா?"

"நானும் கேட்டேன் பரி. ரெண்டு தடவை சொன்னாங்க."

"மூணாவது தடவை நீங்க சொல்லுங்க."

ஸ்ரீகண்டன் நடுத்தெருவில் நின்று சொன்னான். பூ வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். பரிமளாவுக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை. அவளுடைய மாமியார் சந்திரம்மா மட்டும் கிளினிக் படியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பரிமளாவுக்கு வயது முப்பத்துநான்கு. ஸ்ரீராம்புரத்தில் பிறந்து, இரண்டு தெரு தள்ளி ஸ்ரீராம்புரத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள், மெட்ரோவின் பச்சைத் தடத்தில் டிரெயின் ஓட்டுகிறாள். தன் வீட்டு மொட்டைமாடியில் காயும் துணியை உயரத்திலிருந்து பார்த்தபடியே நாளுக்கு நாலைந்து தடவை கடந்து போவாள். ஸ்ரீகண்டன் ஒரு லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியும் குழந்தை இல்லை.

அந்த ஆறில் நான்கு வருடம், மாதத்துக்குப் பத்து நாள் அவளுக்கு ரத்தப்போக்குதான். கேபினில் ஏறினால் கடைசி ஸ்டேஷன் வரை இறங்க முடியாது. இரண்டு நாப்கின் சேர்த்து வைத்துக்கொண்டு, பையில் ஒரு மாற்று பேன்ட்டும் மடித்துப் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போவாள். யாரிடமும் சொன்னதில்லை. பெண்களுக்கு இதெல்லாம் உள்ளதுதானே என்று நினைத்திருந்தாள். ஜூன் மாதத்தில் ஒரு மதியம் யஷ்வந்த்பூர் ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தியபோது பிளாட்பாரத்து விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. உடனே கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு, தனக்கு உஷாரில்லை, உடம்பு சரியில்லை, மாற்று ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர் வந்த பிறகுதான் இருக்கையை விட்டு எழுந்தாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஆறரை என்று வந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் நான்கு கட்டிகள்.

முதலில் பார்த்த டாக்டர் ஸ்கேனைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆறு வருஷமா குழந்தை நிக்கல இல்லையா? பையோட எடுத்துட்டா தொந்தரவு விட்டுடும்," என்றார். ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை.

அன்று மாலை சந்திரம்மா ஸ்கேன் கவரை மடியில் வைத்து வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். மாநகராட்சியில் தெருக்கூட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். சாதாரணமாக அவள் வாய் ஓயாது.

"எனக்கும் இதேதான்," என்றாள் கடைசியில். "ஸ்ரீக்கு அப்போ மூணு வயசு. கட்டி இருக்குது, எடுத்துடலாம்னாங்க. கைநாட்டு வச்சேன். பையையே எடுத்துட்டாங்கன்னு தையல் பிரிக்கறப்பதான் தெரிஞ்சுது. எனக்கு இருபத்தாறு வயசு."

ஸ்ரீகண்டன் அம்மாவையே பார்த்தான். தான் ஏன் ஒற்றைப் பிள்ளை என்பது முப்பத்தாறு வயதில் அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"நீ சும்னே தலையாட்டிட்டு வராத கண்ணு. வேற டாக்டரம்மாவப் பாப்போம். நானும் வரேன்."

அப்படித்தான் மூவரும் டாக்டர் அன்னா தியோடரிடம் வந்தார்கள். அவர் ஒரு தாளில் கர்ப்பப்பையை வரைந்து, கட்டிகளை ஒவ்வொன்றாகக் குறித்துக் காட்டினார். பெரியது சாத்துக்குடி அளவு. இன்னொன்று உள்பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது. இத்தனை ரத்தப்போக்குக்கு அதுதான் காரணம், கரு தங்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றார்.

"எடுத்தா கொழந்த நிக்குமா டாக்டர்?" என்று பரிமளா கேட்டாள்.

"வாய்ப்பு கூடும்மா. கண்டிப்பா நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன். கட்டி திரும்ப வரவும் வரலாம், அதையும் இப்பவே சொல்லிடறேன். ஆனா முப்பத்துநாலு வயசுல முயற்சி பண்ணாம பையை எடுக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியல."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பரிமளா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனாள்.

முதலில் ரத்தம் ஏற வேண்டியிருந்தது. வாரம் ஒருமுறை இரும்புச்சத்து ஊசியை டிரிப்பில் ஏற்றினார்கள். சந்திரம்மா தினமும் முருங்கைக்கீரை, இல்லாவிட்டால் ஆட்டு ஈரல் என்று சமைத்தாள். ஆறு வாரத்தில் ஹீமோகுளோபின் பத்தரைக்கு வந்தது. ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்த அன்று பரிமளா மூன்று நைட்டி புதிதாக வாங்கினாள். "என்னமோ டூர் போற மாதிரி இருக்குது," என்று ஸ்ரீகண்டன் கிண்டல் செய்தான்.

ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தாள்.

"மொதல்ல படிச்சுக் காட்டும்மா," என்றாள் சந்திரம்மா. "ஒரு வரி விடாம படி."

நர்ஸ் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தாள். சந்திரம்மா அசையவில்லை. நர்ஸ் கன்னடத்தில் வாசிக்கத் தொடங்கினாள். பாதிக்கு மேல் வந்ததும் அந்த வரி வந்தது: ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த முடியாமல் போனால், உயிரைக் காக்கக் கர்ப்பப்பையை அகற்ற நேரிடலாம்.

பரிமளா பேனாவைக் கீழே வைத்தாள். "டாக்டரக் கூப்பிடுங்க," என்றாள்.

டாக்டர் அன்னா பச்சை உடுப்போடு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்ச எல்லா வழியையும் பாத்துடுவேன். ரத்தம் தயாரா இருக்கு. அந்த மாதிரி ஆகறது ரொம்ப அபூர்வம். ஆனா ஆகவே ஆகாதுன்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

பரிமளா மாமியாரைப் பார்த்தாள். "என்னத்த செய்யட்டும்?"

"என்கிட்ட யாரும் இந்த மாதிரி வந்து ஒக்காந்து பேசல," என்றாள் சந்திரம்மா. "உன் ஒடம்பு, உனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. உனக்குச் சரின்னு பட்டா போடு."

பரிமளா முழுப் பெயரையும் தெளிவாக எழுதினாள்.

மூன்றரை மணி நேரம் ஆனது. டாக்டர் வெளியே வந்தபோது அவருக்குப் பின்னால் ஒரு நர்ஸ் ஸ்டீல் தட்டை ஏந்தி வந்தாள். ஸ்கேனில் நான்குதான் தெரிந்தது, உள்ளே ஏழு இருந்தன. வெள்ளை வெளேரென்று, உரித்த உருளைக்கிழங்குகள் போல. பன்னிரண்டு மாடி லிஃப்ட் குழிக்குள் கயிற்றில் தொங்கி வேலை பார்க்கிற ஸ்ரீகண்டன், தட்டைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பை?" என்று சந்திரம்மா கேட்டாள்.

"பத்திரமா இருக்கும்மா. நல்லாத் தச்சிருக்கேன்."

சந்திரம்மா டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மயக்கம் தெளிந்து, நாக்கு குழற, பரிமளாவும் அதே கேள்வியைத்தான் கேட்டாள். "இருக்குது கண்ணு, இருக்குது," என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள் மாமியார்.

மூன்று மாதம் கழித்து மருத்துவத் தகுதிச் சான்று வாங்கிக்கொண்டு பரிமளா பீன்யா டிப்போவுக்குத் திரும்பினாள். டியூட்டி போடும் மேசையில் கிருஷ்ணப்பா இருந்தார்.

"ஏனம்மா, உஷாரா?"

"ஃபுல் உஷார் சார்!"

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. ஸ்டேஷன் படிகளை மூச்சு வாங்காமல் ஏறினாள். அந்த மாதம் தீட்டு வந்தபோது விரலில் எண்ணிக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் நாள் காலை குளியலறையிலிருந்து ஓடிவந்து, தூங்கிக்கொண்டிருந்த கணவனை உலுக்கினாள். "நாலே நாள்ங்க! நாலு நாள்ல நின்னுடுச்சு!" பரீட்சையில் பாஸானதைப் போல அவள் கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

ஆறு மாதம் முடிந்ததும் டாக்டர் ஸ்கேன் செய்து பார்த்தார். தையல் நன்றாக ஆறியிருந்தது. இனி முயற்சி பண்ணலாம், பிரசவம் மட்டும் ஆபரேஷனாகத்தான் இருக்கும் என்றார். அதன் பிறகு வீட்டில் ஒரு புதுக் குழப்பம். இவளுக்குக் காலை ஷிஃப்ட் என்றால் அவனுக்குச் சாயங்கால அழைப்புகள். இரண்டு பேரின் டியூட்டி அட்டவணையையும் பீரோ கதவில் ஒட்டி, சில தேதிகளை மட்டும் ஸ்ரீகண்டன் பேனாவால் வட்டமிட்டான். சந்திரம்மா அதைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல், அந்தத் தேதிகளிலெல்லாம் தொம்மலூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது மாதம் எட்டு நாள் தள்ளிப்போனது. அந்த எட்டு நாளும் பரிமளா கால் தரையில் பாவாமல் திரிந்தாள். ஒன்பதாம் நாள் வந்துவிட்டது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகம் கழுவி டியூட்டிக்குப் போனாள். மூன்றாவது மாதமும் நான்காவது மாதமும் அப்படியே போயின.

ஐந்தாவது மாதம் பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. இரண்டாவது கோடு வெளிறித்தான் இருந்தது. மூன்று பேரும் ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு எழுத்துதான் தெரியாது. எண்ணத் தெரியும். ரெண்டு!" என்று சந்திரம்மா தீர்ப்புச் சொன்னாள்.

ஏழாவது வாரத்தில் டாக்டர் அன்னா ஸ்கேன் கருவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். அறை முழுக்க ஒரு வேகமான துடிப்பு கேட்டது. "நூத்தி நாப்பத்தெட்டு. நல்ல துடிப்பு," என்றார். பரிமளா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் வயிறு குலுங்கியதில் திரையில் படம் ஆடியது. "சிரிக்காதம்மா, அளவெடுக்கணும்," என்று சொன்ன டாக்டரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் காலை, கேபின் வேலையை நிறுத்தி ஆபீஸ் வேலை தரும்படி டாக்டர் கொடுத்த கடிதத்தைக் கிருஷ்ணப்பாவின் மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, ஓய்வறைப் பக்கம் திரும்பி, எல்லோரும் வாருங்கள் என்று கன்னடத்தில் உரக்கக் குரல் கொடுத்தார்.

"சார், மெல்ல! மூணு மாசம் வரைக்கும் யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு எங்க அத்தை..."

அதற்குள் டிரெயின் ஓட்டும் பெண்கள் ஆறேழு பேர் ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.