கந்தசாமி என்று எழுதிய அட்டை

காலை பத்தேகால். மேசையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். பனிக்குடம் உடைந்து தரை நனைந்திருந்தது. நாள் வர இன்னும் மூன்று கிழமை இருந்தது. எதிரே ஆணியில் அரசாங்கப் பிரசவ நிலையத்தில் தந்த மஞ்சள் அட்டை தொங்கியது. என் பெயர், வயது, நிறை, பிள்ளை கிடந்த கிடை எல்லாம் மருத்துவிச்சி அம்மாவின் சாய்ந்த கையெழுத்தில் சரியாகத்தான் இருந்தன. ஒன்று மட்டும் பிழை. அது எனக்கு மட்டுமே தெரியும்.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. கொழும்பு ஜிந்துப்பிட்டியில், இலக்கமில்லாத வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். இவருக்குத் துறைமுகத்தில் கிளாக்கர் வேலை. முதல் பிள்ளையை ஊரில் பெற்று, அது ஒருமுறைகூட அழாமல் போனதைப் பார்த்தவள் நான். ஆகவே இரண்டாவது தங்கியதும் ஊருக்குப் போகமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். அரசாங்க மருத்துவிச்சி வீட்டுக்கே வந்து பிள்ளை பெறுவிப்பார், பிறகும் பத்து நாள் வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார் என்று சொன்னவர் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண். அவரை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். "சும்மாதான் புள்ள. பேரக் குடுத்தாப் போதும்" என்றார்.

அந்தப் பேரில்தான் வந்தது வினை.

நிலையத்தில் உட்காரும் வாங்கு நிறையப் பெண்கள். மருத்துவிச்சி அம்மா பேனையும் கையுமாக, "புருஷன்ர பேர்?" என்றார். அவர் கொட்டாஞ்சேனைக்காரர். நெற்றி வியர்வையைத் தோள்பட்டையில் துடைத்துக்கொள்வார், பேனையை மட்டும் கீழே வைக்கமாட்டார். நான் சீனியர் வரை படித்தவள். இங்கிலீஷில் கடிதம் எழுதுவேன். ஆனால் இவருடைய பெயரை அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று என்னைப் பெற்ற அம்மா சொல்லியிருந்தார். துறைமுகத்தில் எந்த நேரம் குண்டு விழுமோ என்றிருந்த நாட்களில் அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. வழக்கமாகக் கூட வருபவர்கள் சொல்லிவிடுவார்கள். அன்று தனியாகப் போயிருந்தேன்.

"கோயில்ல இருக்கிறவற்ற பேர்" என்று முருகன் கோயில் பக்கம் கையைக் காட்டினேன்.

"அவருக்கு ஆயிரம் பேர், பிள்ளை. நான் எதை எழுத?"

வாங்கிலிருந்த பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "ஆறுமுகமோ?" தலையாட்டி மறுத்தேன். "வேலாயுதமோ?" இல்லை. "பழனியா?" இல்லை. தோளில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி, "ரெண்டு பொண்டாட்டிக்காரன் பேருதானே, ஏதோ ஒண்ண எழுதுங்கம்மா!" என்றாள். கூடம் முழுவதும் சிரித்தது. மருத்துவிச்சி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சொன்னால் வாய் வெந்துபோகாது" என்றார். பிறகு களைத்துப்போய், "கந்தசாமியோ?" என்று கேட்டார். அந்தச் சிரிப்பு நின்றால் போதும் என்றிருந்தது. ஓம் என்று தலையை ஆட்டிவிட்டேன். அவர் அட்டையிலும் நிலையத்துப் பதிவுப் புத்தகத்திலும் இங்கிலீஷில் எழுதியதை எதிர்ப்பக்கத்திலிருந்தே எழுத்துக்கூட்டி வாசித்தேன். வாசித்துவிட்டும் பேசாமல் இருந்தேன்.

வலி கண்ட அன்று ராத்தா நிலையத்துக்கு ஓடினார். மருத்துவிச்சி அம்மா வேறு பிரசவத்துக்குப் போயிருந்தார். ராத்தா என் பெயரைச் சொல்லி வைத்துவிட்டு, அப்படியே இவருக்குத் தகவல் கொடுக்கத் துறைமுகத்துக்குப் போய்விட்டார். நான் தனியே கிடந்தேன். பதினொன்று ஆயிற்று, பதினொன்றரையும் ஆயிற்று. கடைசியில் வாசலுக்கு வெளியே, ஒடுங்கிய ஒழுங்கையில் மருத்துவிச்சி அம்மாவின் குரல் கேட்டது.

"கந்தசாமி வீடு எது?"

"கந்தசாமியா? நேரே போங்கம்மா. கடைசியில சாப்பாட்டுக் கடை."

"பிள்ளைப்பேறு வீடு கேக்கிறன்."

"அட, நம்ம கந்தசாமிக்கா பிள்ளைப்பேறு!" யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். சாப்பாட்டுக் கடைக் கந்தசாமி கலியாணமே கட்டாத மனிதர்.

செருப்புச் சத்தம் என் வாசலைக் கடந்து போனது. நிலையத்துக்கு அவர் என்னை வரச்சொல்லியே பார்த்தவர். என் வீடு அவருக்குத் தெரியாது. "அம்மா" என்று கூப்பிட்டேன். அந்த ஒழுங்கையில் நாளெல்லாம் யாரோ யாரையோ அம்மா என்று கூப்பிட்டபடிதான் இருப்பார்கள். சத்தம் தூரப் போய்க்கொண்டிருந்தது. முதல் பிள்ளையின் மூடிய கண்கள் நினைவுக்கு வந்தன. யன்னல் கம்பியைப் பிடித்து எழும்பி, என்னிடமிருந்த மூச்செல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"கார்த்திகேசு வீடு! அம்மா, கந்தசாமி இல்லை, கார்த்திகேசு! கார்த்திகேசு வீடு இது!"

ஒழுங்கை முழுவதும் அடங்கிப்போனது. பிறகு செருப்புச் சத்தம் திரும்பி வந்தது, ஓட்டமாக.

அந்த அட்டை இப்போது வெள்ளவத்தையில், என் மடியில் கிடக்கிறது. அன்று பிறந்தவளுக்கு இந்த மாதம் பிரசவ நாள். நேற்று அவளோடு கிளினிக்குக்குப் போனேன். தாதி கேட்டு முடிக்குமுன் அவள் தன் புருஷனின் முழுப்பெயரையும் சொல்லி, எழுத்தைக்கூடத் திருத்தினாள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. அட்டையை வாங்கி இரண்டுதரம் வாசித்தேன். "என்னம்மா, நான் சொன்னது பிழையோ?" என்று சிரித்தாள். வீட்டில் இவர் சாய்வு நாற்காலியில் பேப்பரோடு இருந்தார். காது கொஞ்சம் மந்தமே தவிர வேறு குறையில்லை. ஆனாலும், வாசலைத் தாண்டிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழும்பி யன்னலடிக்குப் போய்விடுவேன்.

அன்று மருத்துவிச்சி அம்மா வாசலில் பையை வைத்தார். ஆணியிலிருந்த அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வலியையும் மறந்து நானே முந்திக் கேட்டேன்.

"அவற்ற பேரைக் கத்திச் சொல்லிப்போட்டன், அம்மா. அவருக்கு ஒண்டும் ஆகாதே?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஈரக் கையாலேயே என் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டார்.

"பேர் சொல்ல ஒரு பிள்ளை வரப்போகுது. அதுக்கு முதல் நீ ஒருக்காச் சொன்னால் என்ன? எங்கே, இன்னொருக்காச் சொல்லு. சொல்லிக்கொண்டே முக்கு."